அடிபட்டவரைத் தூக்குவதற்கு முன்

விபத்து நடந்த இடத்தில் எல்லோர் கண்ணும் முதலில் போவது கோணிக் கிடக்கும் காலுக்குத்தான். பார்க்கவே பதறும். ஆனால் அந்தக் கோணல் மட்டும் ஆளைக் கொல்வது அரிது. உயிரை எடுப்பவை நிற்காத ரத்தமும் அடைபட்ட மூச்சும். ஒருவரை வாழ்நாள் முழுக்கப் படுக்கையில் போட்டுவிடக் கூடியது, அவசரத்தில் நாலு பேர் சேர்ந்து தூக்கும்போது மடிந்துவிடும் கழுத்து. அதனால் முறிந்த எலும்பைத் தொடுவதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டியவை சில இருக்கின்றன.

முதலில் சுற்றிலும் பாருங்கள். ஓடும் வண்டிகள், அறுந்து தொங்கும் மின்கம்பி, சாயும் சுவர் என்று எது இருந்தாலும் உதவப் போனவரும் அங்கேயே விழுவார். இடம் பாதுகாப்பானது என்றால் ஒருவர் ஆம்புலன்ஸுக்குச் சொல்லட்டும். "யாராவது போன் பண்ணுங்க" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள். ஒருவரைக் கையால் சுட்டி, "நீங்க கூப்பிடுங்க, கூப்பிட்டுட்டு என்கிட்ட வந்து சொல்லுங்க" என்று சொல்ல வேண்டும்.

அடுத்தது ரத்தம். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, கையை நீட்டி உடல் எடையைக் கொடுத்து, குறைந்தது 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுவே எடுத்துப் பார்ப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. உறையத் தொடங்கிய ரத்தம் துணியோடு பிய்ந்து வந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். துணி நனைந்துகொண்டே இருந்தால் அழுத்தம் சரியான இடத்தில் விழவில்லை என்று அர்த்தம். மேலே மேலே துணி அடுக்குவதைவிட, ரத்தம் வரும் புள்ளியைக் கண்டு நேராக அங்கே அழுத்துவதுதான் பலன் தரும்.

கையிலோ காலிலோ ரத்தம் பீறிட்டு, அழுத்தியும் அடங்கவில்லை என்றால் மட்டும் இறுக்குக் கட்டு. காயத்துக்கு மேலே, அதாவது நெஞ்சுப் பக்கமாக, 5 முதல் 7 செ.மீ. தள்ளிக் கட்ட வேண்டும். முழங்கை, முழங்கால் மூட்டின் மேல் கட்டினால் பயனில்லை. துணி குறைந்தது 4 செ.மீ. அகலம் இருக்க வேண்டும். கயிறும் கம்பியும் தசையை அறுக்குமே தவிர, உள்ளே ஓடும் தமனியை நசுக்காது. முடிச்சில் ஒரு உறுதியான குச்சியைச் செருகி, ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். அடிபட்டவர் வலியில் கத்துவார், ஆனாலும் தளர்த்தக் கூடாது. அரைகுறையாக இறுக்கினால் தமனி வழியே ரத்தம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், சிரை மட்டும் அடைபடும், ரத்தப்போக்கு கூடும். கட்டிய நேரத்தை நெற்றியிலோ கட்டின் மேலோ எழுதிவிடுங்கள்.

மயங்கிக் கிடப்பவருக்கு மூச்சு இருக்கிறதா என்று பார்க்க 10 வினாடிக்கு மேல் செலவிடக் கூடாது. மூச்சு இல்லை, அல்லது எப்போதாவது ஒரு முறை வாயைத் திறந்து இழுக்கிறார் என்றால் நெஞ்சின் நடுவில் 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில் அழுத்தத் தொடங்குங்கள். கழுத்து முறிந்திருக்குமோ என்ற பயம் இதைத் தடுக்கக் கூடாது.

கழுத்தும் முதுகும்

ஒரு மீட்டர் உயரம் அல்லது ஐந்து படிக்கு மேல் இருந்து விழுந்தவர், நீரில் தலைகீழாகப் பாய்ந்தவர், உருண்ட வண்டியில் இருந்தவர், வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டவர்: இவர்கள் எல்லோருக்கும் கழுத்து அடிபட்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டே நடக்க வேண்டும். வயதானவர்களுக்கு இந்த அளவு அடி கூடத் தேவையில்லை. நின்ற இடத்தில் சாய்ந்து நெற்றி தரையில் மோதினாலே கழுத்தின் மேல் எலும்பு முறியலாம். கழுத்தின் நடுவில் வலி, கை கால் மரத்தல், விரல்களில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, காலை அசைக்க முடியாமை, தன்னையறியாமல் சிறுநீர் போதல் ஆகியவை தெளிவான அறிகுறிகள். நெஞ்சு அசையாமல் வயிறு மட்டும் ஏறி இறங்கினால் தண்டுவடம் கழுத்துப் பகுதியில் அடிபட்டிருக்கலாம். மூச்சு எப்போது வேண்டுமானாலும் தளரும் என்று எதிர்பார்த்துப் பக்கத்திலேயே இருங்கள்.

அவரை அணுகும்போது முகத்துக்கு நேராக, அவர் கண்ணில் படும்படி போங்கள். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், அந்த ஒரு திருப்பமே போதும். "தலையை அசைக்காதீங்க, வாயால பதில் சொன்னா போதும்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஆமா, இல்லை என்று தலையாட்ட வைக்கும் கேள்விகளைத் தவிர்த்து, பெயர் என்ன, எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள்.

தலையைப் பிடிப்பவர் தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு முழங்கைகளையும் தரையிலோ தன் தொடையிலோ ஊன்றிக்கொள்ள வேண்டும். ஊன்றாவிட்டால் கொஞ்ச நேரத்தில் கை நடுங்கும், தலையும் கூடவே நடுங்கும். உள்ளங்கைகள் தலையின் இருபுறமும், விரல்கள் தாடையை ஒட்டியும் இருக்கட்டும். காதை மூடிவிடாதீர்கள், அவர் நீங்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். இழுக்கவும் வேண்டாம், அழுத்தவும் வேண்டாம். கழுத்து சாய்ந்த நிலையில் இறுகியிருந்தாலோ, நேராக்கும்போது வலித்தாலோ, அப்படியே விட்டு அந்த நிலையிலேயே தாங்குங்கள். ஆள் போதையிலோ குழப்பத்திலோ திமிறினால் தலையை மட்டும் அமுக்கிப் பிடிக்காதீர்கள். தலை நிலையாக இருக்க உடல் மட்டும் புரண்டால் கழுத்தில்தான் முறுக்கு விழும்.

வாந்தி வந்தால் கணக்கு மாறும். மல்லாந்து கிடப்பவர் வாந்தியை மூச்சுக்குழலில் இழுத்துக்கொண்டால் சில நிமிடங்களில் உயிர் போகும். முதுகெலும்பைக் காப்பாற்றப் பிறகு ஆள் இருக்க மாட்டார். மூன்று பேராவது இருந்தால் கட்டையை உருட்டுவது போல ஒரே துண்டாகப் பக்கவாட்டில் புரட்டலாம். ஒருவர் தலை. இரண்டாமவரின் ஒரு கை தோளில், இன்னொரு கை இடுப்பில். மூன்றாமவரின் ஒரு கை அந்த இடுப்புக்குச் சற்று மேலே, மற்றது முழங்காலுக்குக் கீழே. இரண்டு பேரின் கைகளும் இடுப்பில் ஒன்றையொன்று தாண்டியிருக்க வேண்டும், அப்போதுதான் நடுமுதுகு முறுக்காது. எண்ணிக்கை சொல்வது எப்போதும் தலையைப் பிடித்தவர்தான். மூக்கு, தொப்புள், கால் விரல் மூன்றும் ஒரே பக்கம் பார்த்தபடி திரும்ப வேண்டும். தனியாளாக இருந்தால் முடிந்தவரை தலையைத் தாங்கியபடி புரட்டுங்கள், உதவிக்கு ஆள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மயக்கத்தில் நாக்கு பின்னால் விழுந்து குறட்டை போலச் சத்தம் வந்தால், தலையை அண்ணாத்தாமல் தாடையின் இரு கோணங்களையும் விரல்களால் முன்னோக்கித் தூக்குங்கள். அதிலும் மூச்சு சீராகவில்லை என்றால் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சாய்க்கத்தான் வேண்டும்.

ஹெல்மெட் போட்டிருந்து நன்றாக மூச்சு விடுகிறார் என்றால் முன்கண்ணாடியைத் தூக்கிவிட்டு, தாடை வாரை மட்டும் அவிழ்த்து, பயிற்சி பெற்றவர்கள் வரும்வரை விட்டுவிடலாம். மூச்சுக்குத் தடையாக இருந்தால் இரண்டு பேர் சேர்ந்து கழற்ற வேண்டும். ஒருவர் கீழ்ப்புறமிருந்து ஒரு கையால் தாடையையும் மறு கையால் பிடரியையும் தாங்க, மற்றவர் தலைமாட்டில் ஹெல்மெட்டின் இரு ஓரங்களையும் அகட்டி, மூக்கில் இடிக்காதபடி மெல்லச் சாய்த்து இழுக்க வேண்டும். வெளியே வந்ததும் பிடரிக்கு அடியில் விழும் இடைவெளியை மடித்த துணியால் நிரப்புங்கள், இல்லாவிட்டால் தலை பின்னுக்குச் சரியும்.

கழுத்துப் பட்டை பற்றி ஒரு வார்த்தை. அடிபட்டவர் எல்லோருக்கும் காலர் மாட்டுவது என்பது பழைய பழக்கம். முதலுதவி செய்பவர்கள் அதை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்று உயிர்மீட்பு முறைகளுக்கான சர்வதேசக் குழுவான இல்கோர் 2015-இல் பரிந்துரைத்தது. மாட்டும்போதே கழுத்து அசைகிறது. கழுத்துச் சிரைகளை அது அழுத்துவதால் தலைக்குள் அழுத்தம் ஏறுகிறது, மூச்சுப்பாதையைக் கவனிப்பதும் சிரமமாகிறது. கையால் தாங்குவதே போதும். அதேபோல நீண்ட பலகை ஆளை எடுத்து மாற்றுவதற்கான கருவி, படுக்க வைப்பதற்கானது அல்ல. உணர்ச்சியற்ற உடம்பில் அது சீக்கிரமே அழுத்தப்புண்ணைத் தொடங்கி வைக்கும். மருத்துவமனை சேர்ந்ததும் பலகையிலிருந்து இறக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எதை எப்படிச் செய்தாலும், ஒருவர் அக்குளைப் பிடிக்க, இன்னொருவர் காலைப் பிடிக்க, நடு உடம்பு தொங்கத் தூக்கிக்கொண்டு ஓடுவதை மட்டும் செய்யாதீர்கள். தீ, வெள்ளம், இடிபாடு போன்ற ஆபத்து இருந்தால் மட்டுமே ஆம்புலன்ஸுக்கு முன் நகர்த்தலாம், அதுவும் உடலின் நீளவாக்கில் இழுத்து. விபத்துக்குப் பின் நினைவோடு, தானாகவே வண்டியிலிருந்து இறங்கக் கூடியவரை நாம் பிடித்து இழுப்பதைவிட, அவரே மெதுவாக இறங்குவதில்தான் கழுத்து குறைவாக அசையும்.

தலை

தலைக்காயத்தில் ஏமாற்றுவது நேரம். அடிபட்டு ஒரு நிமிடம் மயங்கி, எழுந்து, தண்ணீர் கேட்டு, "எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனவர் சில மணி நேரத்தில் நினைவிழப்பது உண்டு. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே உள்ள பொட்டுப் பகுதியில் மண்டையோடு மெல்லியது. அதன் உள்பக்கத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. எலும்பு விரிசல் விட்டு அது கிழிந்தால் எலும்புக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் தேங்கத் தொடங்கும். மண்டையோடு விரியாத பெட்டி. தேங்கும் ரத்தத்துக்கு இடம் கொடுக்க மூளை நசுங்க வேண்டும். ஓரளவு வரை தாங்கும், பிறகு மளமளவென்று நிலைமை சரியும். நடுவில் வரும் தெளிவை நம்பி வீட்டில் படுக்க வைத்ததால் போன உயிர்கள் உண்டு. உரிய நேரத்தில் ஸ்கேன் எடுத்து அறுவை செய்தால் நன்றாகப் பிழைக்கக் கூடியவர்கள் இவர்கள் என்பதுதான் இதில் வேதனை.

ஆகவே ஒருமுறை பார்த்துத் திருப்திப்படாமல், 15 நிமிடத்துக்கு ஒருமுறை அதே கேள்விகளைக் கேட்டு நேரத்தோடு குறித்து வையுங்கள். நினைவு நிலையை அளக்க மருத்துவர்கள், 1974-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜென்னெட் இருவரும் வகுத்த அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். கண் திறப்பு, பேச்சு, கை கால் அசைவு மூன்றுக்கும் மதிப்பெண் போட்டால் முழு நினைவுக்கு 15, மிகக் குறைந்தது 3. எட்டு அல்லது அதற்குக் கீழே போனால் தன் மூச்சுப்பாதையைத் தானே காத்துக்கொள்ள முடியாத நிலை. வீட்டில் மதிப்பெண் போடத் தேவையில்லை. தானாகக் கண் திறக்கிறாரா, கூப்பிட்டால் திறக்கிறாரா, கிள்ளினால்தான் திறக்கிறாரா, எதற்குமே இல்லையா? இந்த நாலு படியில் ஒரு படி இறங்கினாலும் அது அவசரம்.

ஒன்றுக்கு மேற்பட்ட முறை வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, ஒரு பக்கக் கை காலில் பலக்குறைவு, ஒரு கண்மணி மட்டும் பெரிதாக இருப்பது ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே ஸ்கேன் வசதியுள்ள இடத்துக்குப் போக வேண்டும். மூக்கிலோ காதிலோ தண்ணீர் போலத் தெளிவாகவோ, ரத்தம் கலந்தோ வழிந்தால் மண்டையோட்டின் அடிப்பகுதி விரிசல் விட்டிருக்கலாம். பஞ்சு வைத்து அடைக்காதீர்கள், வழியட்டும், மேலோட்டமாகத் துணியை மட்டும் வையுங்கள். மூக்கைச் சிந்தவும் கூடாது. கண்ணைச் சுற்றிக் கருநீலம், காதுக்குப் பின்னால் கன்றிப்போதல் இரண்டும் இதே முறிவின் அடையாளங்கள். ஆனால் அவை தெரியப் பல மணி நேரம் ஆகும், முதலில் இல்லை என்பதால் நிம்மதி அடைய வேண்டாம்.

சிலருக்கு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் மருத்துவமனையில் காட்டியே ஆக வேண்டும்: 65 வயதைத் தாண்டியவர்கள், வார்ஃபரின், குளோபிடோகிரல் போன்ற ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள், ஒரு வயதுக்குள் தலையில் 5 செ.மீ.க்கு மேல் வீக்கம் உள்ள குழந்தைகள். குடித்திருப்பவரின் குழறலைப் போதை என்று ஒதுக்கிவிடுவது மிகவும் ஆபத்தானது. போதை என்றால் நேரம் போகப் போகத் தெளிய வேண்டும், மங்கினால் அது மூளை. முதியவர்களுக்கு லேசான அடிக்குப் பின் மூளையின் மேல் ரத்தம் மெல்லக் கசிந்து, வாரங்கள் கழித்து நடை தடுமாற்றமாகவோ மறதியாகவோ வெளிப்படுவதும் உண்டு.

"தூங்க விடாதே" என்று எல்லோரும் சொல்வார்கள். தூக்கம் மூளையைக் கெடுப்பதில்லை. தூக்கமா மயக்கமா என்று பிரித்தறிய முடியாமல் போவதுதான் சிக்கல். மருத்துவர் பார்த்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு தூங்கலாம். முதல் 24 மணி நேரம் பக்கத்தில் ஒருவர் இருந்து, மருத்துவர் சொன்ன இடைவெளியில் எழுப்பிப் பார்க்க வேண்டும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வகைகள் ரத்தக்கசிவைக் கூட்டலாம், அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

தலைத்தோல் கிழிந்தால் முகமெல்லாம் ரத்தமாகும். அங்கே ரத்தக்குழாய்கள் நிறைய, கிழிந்தாலும் சுருங்கி மூடாது. அழுத்தினால் நின்றுவிடும். ஆனால் காயத்துக்கு அடியில் எலும்பு பள்ளமாகவோ, நொறுங்கியதுபோலவோ தட்டுப்பட்டால் நடுவில் அழுத்தாதீர்கள், சுற்றியுள்ள ஓரத்தில் மட்டும் அழுத்துங்கள்.

முதல் அடியில் செத்த மூளைத் திசுவை யாராலும் மீட்க முடியாது. அதைச் சுற்றி ஊசலாடும் பகுதியைக் காப்பாற்றலாம். அதைக் கொல்பவை ஆக்சிஜன் குறைவும் ரத்த அழுத்தக் குறைவும். தலைக்காயத்தோடு வந்தவருக்கும் மூச்சையும் ரத்தப்போக்கையும் முதலில் கவனிக்கச் சொல்வது இதனால்தான். அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் உறைந்த ரத்தம் கரைந்துவிடாமல் தடுக்கும் டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்தை ஊசியாகப் போட்டால், லேசான, நடுத்தரத் தலைக்காயத்தில் இறப்பு குறைகிறது என்பதை 2019-இல் வெளியான கிராஷ்-3 ஆய்வு காட்டியது. மருத்துவமனைக்கு விரைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கை, கால், மூட்டு

எலும்பு முறிவில் முதலில் பார்க்க வேண்டியது முறிந்த இடத்தை அல்ல, அதற்குக் கீழே உள்ள விரல்களை. நகத்தை 5 வினாடி அழுத்தி விடுங்கள். வெளிறிய இடம் 2 வினாடிக்குள் சிவக்க வேண்டும். அடிபடாத பக்க நகத்தையும் அழுத்தி ஒப்பிடுங்கள், குளிரில் இரண்டு பக்கமுமே தாமதமாகும். விரல் நுனியைத் தொட்டால் தெரிகிறதா, அசைக்க முடிகிறதா? கட்டுப் போடும் முன் ஒருமுறை, போட்டபின் ஒருமுறை, பிறகு 15 நிமிடத்துக்கு ஒருமுறை இந்த மூன்றையும் பாருங்கள். முன்பு சிவந்த நகம் கட்டிய பிறகு வெளிறினால் கட்டுதான் காரணம், தளர்த்திக் கட்டுங்கள். மோதிரம், வளையல், கொலுசை வீங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள்.

அசையாமல் வைக்க விலையுயர்ந்த பொருள் வேண்டாம். கெட்டி அட்டை, மடித்த செய்தித்தாள், குடை, அடிபடாத மற்றொரு கால், எது வேண்டுமானாலும் ஆகும். முறிவுக்கு மேலே ஒரு மூட்டு, கீழே ஒரு மூட்டு இரண்டும் அதில் அடங்க வேண்டும். முன்கை முறிந்தால் மணிக்கட்டும் முழங்கையும், முழங்காலுக்குக் கீழே முறிந்தால் முழங்காலும் கணுக்காலும். எலும்பு துருத்தும் இடங்களிலும் இடைவெளிகளிலும் துணி திணியுங்கள். கட்டுகள் முறிவுக்கு மேலும் கீழும் வரட்டும், முறிந்த இடத்தின் மேல் வேண்டாம்.

கோணியிருப்பதை நேராக்க முயல வேண்டாம், இருக்கும் நிலையிலேயே தாங்கிக் கட்டுங்கள். குறிப்பாகக் குழந்தைகளின் முழங்கை. கையை ஊன்றி விழுந்த குழந்தைக்கு முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவது சகஜம். முறிந்த முனைக்கு நேர் முன்னால்தான் கைக்குப் போகும் பெரிய தமனி ஓடுகிறது. கையைத் தாங்கக் கழுத்திலிருந்து துணித் தொட்டில் கட்டுவதற்காக அந்த முழங்கையை மடக்கினால் தமனி நசுங்கி நாடி நின்றுவிடலாம். குழந்தை எந்தக் கோணத்தில் வைத்திருக்கிறதோ அந்தக் கோணத்திலேயே அட்டை வைத்து உடம்போடு சேர்த்துக் கட்டுங்கள்.

எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாதீர்கள். அழுக்கும் கூடவே உள்ளே போகும். மேலாகக் கிடக்கும் கல், இலையை எடுத்துவிட்டு, போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, உப்புநீரில் (சலைன்) நனைத்த சுத்தமான துணியால் மூடுங்கள். அந்தப் படம் ஒரு பெரிய உதவி. ஒவ்வொரு மருத்துவரும் கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. காயம் சிறு புள்ளி அளவே இருந்தாலும் முறிவின் அருகே இருந்தால் இதே கணக்குத்தான். ஆன்டிபயாடிக் ஊசி எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவு நல்லது, முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள்.

தொடையெலும்பு முறிந்தால் வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் தொடைக்குள்ளேயே தேங்கலாம். இடுப்பெலும்பு உடைந்தால் இன்னும் அதிகம். முகம் வெளிறி, தோல் சில்லென்று வியர்த்து, நாடி வேகமாக ஓடினால் உள்ளே ரத்தம் போகிறது. இடுப்பை அமுக்கிப் பார்க்காதீர்கள், உறைந்தது கலையும். அகலமான துணியையோ போர்வையையோ மடித்து, தொடையின் மேற்பக்கவாட்டில் துருத்தும் எலும்பின் மட்டத்தில் இறுக்கிக் கட்டுங்கள். பெரும்பாலும் பெல்ட் போடும் உயரத்தில் கட்டிவிடுகிறார்கள், அங்கே கட்டினால் உடைந்த வளையம் மூடாது. முழங்கால்களையும் பாதங்களையும் சேர்த்துக் கட்டி, அடியிலும் மேலும் போர்வை போட்டுக் கதகதப்பாக வையுங்கள். உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறையும் திறனே குறையும்.

விழுந்த முதியவரின் கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பு மூட்டருகே முறிவு. எழுப்பி நிறுத்திப் பார்க்கக் கூடாது. சில சமயம் எலும்பு ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டு அவர் நடக்கவும் செய்வார். கவட்டையில் வலி என்று சொன்னால் நடக்கிறாரே என்று விட்டுவிடாமல் எக்ஸ்ரே எடுங்கள்.

மூட்டு நழுவினால் இழுத்துப் போடும் வேலை வேண்டாம். நழுவலோடு முறிவும் இருக்கிறதா என்று எக்ஸ்ரே இல்லாமல் தெரியாது, இழுப்பில் நரம்பும் கிழியலாம். தோளுக்கு, கைக்கும் நெஞ்சுக்கும் நடுவே தலையணை வைத்துத் தாங்குங்கள். இடுப்பு மூட்டு நழுவினால் 6 மணி நேரத்துக்குள் திரும்பப் பொருத்தப்பட வேண்டும், இல்லாவிட்டால் தொடையெலும்பின் தலைப்பகுதி ரத்தமின்றிச் சாகும் வாய்ப்பு கூடுகிறது. முழங்கால் மூட்டு முழுதாக நழுவித் தானாகவே திரும்பியிருந்தாலும் பின்னால் ஓடும் தமனி கிழிந்திருக்கலாம், பாதத்தின் நாடியைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். கணுக்கால் சுளுக்கில் நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லை, அல்லது கணு எலும்பின் பின் ஓரத்தை அழுத்தினால் வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே தேவை. மற்ற சுளுக்குகளுக்குத் துணியில் சுற்றிய பனிக்கட்டி 15 முதல் 20 நிமிடம், அடிபட்ட காலை உயர்த்தி வைத்தல், ஓய்வு.

மாவுக்கட்டோடு வீடு திரும்பிய பிறகும் ஒரு ஆபத்து காத்திருக்கிறது. தசைகள் விரியாத உறைகளுக்குள் இருக்கின்றன. வீக்கம் கூடும்போதோ கட்டு இறுகும்போதோ உள்ளே ரத்த ஓட்டம் நின்றுபோகும். மாத்திரைக்கு அடங்காமல், நேரம் போகப் போகக் கூடும் வலிதான் முதல் அறிகுறி. விரல்களை இன்னொருவர் மெல்ல நீட்டினாலே அலறுவார். நாடி அப்போதும் கிடைக்கலாம், அதனால் நாடி இருக்கிறது என்று காத்திருக்கக் கூடாது. சுமார் 6 மணி நேரத்தில் தசை திரும்ப முடியாத சேதத்தை அடைகிறது. நள்ளிரவானாலும் போய்க் கட்டைப் பிரிக்கச் சொல்லுங்கள். அதுவரை கையையோ காலையோ நெஞ்சு மட்டத்திலேயே வையுங்கள், அதற்கு மேல் தூக்கினால் உள்ளே போகும் கொஞ்ச ரத்தமும் குறையும்.

ஆம்புலன்ஸ் வரும்வரை சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீர்கள், அறுவைக்கு மயக்கமருந்து கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு தாளில் இவற்றை மட்டும் எழுதி அவர் சட்டைப்பையில் வையுங்கள்: அடிபட்ட நேரம், எப்படி அடிபட்டது, நடுவில் மயங்கினாரா, எவ்வளவு நேரம், வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள், மருந்து ஒவ்வாமை, கடைசியாகச் சாப்பிட்ட நேரம், இறுக்குக் கட்டு போட்டிருந்தால் அதன் நேரம். அவசரப் பிரிவில் முதலில் கேட்கப்படும் கேள்விகள் இவை, அப்போது அவரால் பதில் சொல்ல முடியாமல் போகலாம்.